'இதரப் பிடித்தம் 3' காலியாகத்தான் இருக்கிறது: கல்லூரிச் செயலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம்.

நம் கல்லூரியின் சம்பளப் பட்டியல் மென்பொருளில் 'இதரப் பிடித்தம்' என்று மூன்று கலங்கள் இருக்கின்றன. முதலாவதில் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தின் கடன் தவணை ஏறுகிறது. இரண்டாவதில் எல்.ஐ.சி. பிரீமியம். மூன்றாவது கலம், நான் சம்பளப் பட்டியல் போட்ட ஐந்து வருடமும் காலியாகத்தான் இருந்தது. தேர்வுப் பிரிவுக்கு மாறி வந்த பிறகும் அது அப்படியேதான் இருக்கிறது என்று கணக்குப் பிரிவு நண்பர் சொல்கிறார். அந்தக் காலி இடத்தைக் கேட்டுத்தான் இந்த மடல்.

கேட்பது சின்ன விஷயம். அலுவலர் சங்கத்தின் மாதச் சந்தா 50 ரூபாய். 'இதை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம்' என்று எவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறாரோ, அவருக்கு மட்டும் பிடித்து, சங்கத்தின் வங்கிக் கணக்கில் சேர்க்க வேண்டும். கையெழுத்துப் போடாதவர் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடத் தொடக் கூடாது. இதை மூன்று முறை எழுத்தில் கேட்டுவிட்டோம். பதில் மூன்று முறையும் வாய்மொழியாகவே வந்தது. "அது உங்க சங்கத்து வேலைங்க. காலேஜ் எதுக்கு வசூல் பண்ணித் தரணும்?" என்றீர்கள். கேள்வி நியாயமானது. ஆனால் வாய்மொழிப் பதிலுக்கு வாய்மொழியாகவே மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தால் அது வராந்தாவோடு முடிந்துவிடுகிறது. அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பதினோரு வருடமாகச் சங்கப் பொருளாளர் நான். பொருளாளர் என்று பெயர்தான் பெரிது, வேலை ரசீது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது. நம் சுயநிதிப் பிரிவில் சம்பளம் ஒன்றாம் தேதி என்பார்கள். சில மாதம் ஐந்தாகும், சில மாதம் ஏழாகும். வந்த அன்றைக்கே பிடித்தால்தான் சந்தா. மறுநாள் போனால் வீட்டுக் கடனும் நகைக் கடனும் சீட்டுக்காரரும் எனக்கு முன்னால் வந்து போயிருப்பார்கள். "அடுத்த மாசம் சேர்த்துக் குடுத்துடறனுங்ணா" என்பதைக் கேட்டுக் கேட்டு, அடிக்கட்டையைப் புரட்டாமலே யாருக்கு எத்தனை மாதப் பாக்கி என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். ஆடி மாதம் இன்னும் மோசம். கோட்டை மாரியம்மன் பண்டிகை நெருங்கும்போது சேலத்தில் யார் கையில் காசு நிற்கும்? ஆடியில் வராத சந்தாவை ஆவணியில் கேட்டால், பாக்கி கேட்கிற மளிகைக்கடைக்காரரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

நூலகத்தில் ஓர் அக்கா இருக்கிறார். ஏற்காட்டிலிருந்து வந்து போகிறவர். சம்பளம் வந்த அன்று மாலை மலைக்கு வேண்டிய சாமானையெல்லாம் லீ பஜாரில் வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடித்துவிடுவார். நான் நாலரை மணிக்கு நூலகம் போனால், அவர் அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவில் ஏதோ ஒன்றில் திரும்பிக்கொண்டிருப்பார். ஒரு வருடம் அவருக்கு எட்டு மாதப் பாக்கி நின்றது. கொடுக்க மனசில்லாமல் அல்ல; ஒருநாள் 400 ரூபாயாக நீட்டி, "ஒரேயடியா எடுக்கறப்போதான் வலிக்குது, மாசாமாசம் போயிருந்தா தெரிஞ்சிருக்காது" என்றார். இந்த மடலுக்கு விதை அன்றைக்கு விழுந்தது.

'ஜீபே-யில் வாங்கிக்கொள்ளுங்களேன்' என்று நீங்கள் சொன்னதையும் செய்து பார்த்தோம். க்யூ.ஆர். கோடு அச்சடித்து அலுவலக அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். முதல் மாதம் வரிசையாக 'டிங் டிங்' என்று வந்தது. மூன்றாவது மாதம் நானே போட்ட 50 ரூபாயைத் தவிர விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். தானாகவே போகும்படி ஆட்டோபே போடலாம் என்று இளைஞர்கள் சிலர் யோசனை சொன்னார்கள். சம்பளம் வரும் தேதி நிலையாக இருந்தால் அது நடக்கும். நம் ஊழியர்கள் சிலரின் கணக்கில் மாதத்தில் நான்கைந்து நாள்தான் பணம் தங்குகிறது. அந்த நாள் எது என்பது உங்களுக்கே முன்கூட்டித் தெரியாதபோது ஆட்டோபேவுக்கு எப்படித் தெரியும்?

சரி, இந்த 50 ரூபாயை வைத்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்கலாம். போஸ்டர் அடிக்கிறோம், உண்மைதான். டீயும் குடிக்கிறோம். ஆனால் ஒன்றைச் சொல்கிறேன், உங்களுக்கும் நினைவிருக்கும். நம் ஆய்வக உதவியாளர் ஒருவர் பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் இறந்தார். அவர் மனைவிக்கு வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) என்ற பெயர் தெரியும். அதில் ஓய்வூதியம் இருக்கிறது என்பதும், பணியில் இருக்கும்போது இறந்தால் காப்பீடும் உண்டு என்பதும் தெரியாது. இ.டி.எல்.ஐ. என்கிற அந்தக் காப்பீட்டுக்கு ஊழியர் ஒரு காசும் கட்டுவதில்லை, நிர்வாகம்தான் கட்டுகிறது; உச்சவரம்பு 7 லட்சம் ரூபாய். சேமிப்புத் தொகைக்குப் படிவம் 20, ஓய்வூதியத்துக்குப் படிவம் 10-டி, காப்பீட்டுக்குப் படிவம் 5-ஐ.எஃப். மூன்றும் வேறு வேறு. ஆதாரில் பெயரின் முதலெழுத்து ஒருவிதம், வைப்பு நிதிக் கணக்கில் வேறுவிதம். அதைச் சரிசெய்ய எத்தனை நடை! அந்தப் பெண்ணோடு சங்கத் தலைவர் விடுப்புப் போட்டுவிட்டு நடந்தார். ஆட்டோ செலவு, நோட்டரி செலவு, இடையில் இரண்டு மாதம் குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சின்னத் தொகை, எல்லாம் அந்த 50 ரூபாய்களிலிருந்துதான் போயிற்று. அந்த வருடம் சந்தா பாக்கி அதிகம். தலைவர் சொந்தப் பணத்தில் 3,200 ரூபாய் போட்டு, ஒன்றரை வருடம் கழித்துத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடிக்கட்டையும் செலவுச் சீட்டும் என்னிடம் இருக்கின்றன, பார்க்கலாம்.

இனி சட்டம். உங்கள் வக்கீலிடம் காட்டுவீர்கள் என்பதால் கொஞ்சம் கவனமாகவே எழுதுகிறேன். 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், சம்பளத்தில் எதையெதைப் பிடிக்கலாம் என்று 7-ஆம் பிரிவில் பட்டியல் போட்டது. பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் உறுப்பினர் கட்டணத்தை, ஊழியரின் எழுத்துபூர்வமான சம்மதத்தோடு பிடிக்கலாம் என்பது 1982-ல் வந்த திருத்தத்தால் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அந்தச் சட்டம் ஆலைகளையும் ரயில்வேயையும் மனதில் வைத்து எழுதியது, கல்லூரிக்கு எங்கே பொருந்தும் என்று வக்கீல் கேட்கலாம். அப்படிக் கேட்டால், 2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இதே ஏற்பாடு, இதே எழுத்துபூர்வச் சம்மத நிபந்தனையோடு இருக்கிறது. எங்கள் சங்கம் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின்படி பதிவு பெற்றது. வரவு செலவை ஆண்டுதோறும் தணிக்கை செய்து பதிவாளருக்கு அனுப்புகிறோம். இன்னொன்று: அரசியல் செலவுக்குச் சங்கம் தனி நிதிதான் வைக்க வேண்டும், பொது நிதியில் கை வைக்க முடியாது, அந்தத் தனி நிதிக்குப் பணம் கொடு என்று உறுப்பினரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது என்று அந்தச் சட்டம் வகுத்திருந்தது. எங்களிடம் அப்படி ஒரு நிதியே கிடையாது. 'கொடி பிடிக்கிறவர்களுக்கு நான் வசூலித்துக் கொடுப்பதா' என்று நீங்கள் யாரிடமோ சொன்னதாகக் கேள்விப்பட்டதால் இதை எழுதுகிறேன். சொல்லவில்லை என்றால் மன்னியுங்கள்.

ஆசிரியர் நண்பர்கள் சிலர், "எங்க அமைப்புக்கும் சேர்த்துக் கேளுங்க சார்" என்றார்கள். அவர்களுடையது 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது. நான் மேலே சொன்ன விதி தொழிற்சங்கச் சட்டத்தில் பதிவானவற்றைத்தான் சொல்கிறது. ஆசிரியர்கள் தொழில் தகராறு சட்டத்தின் பார்வையில் 'தொழிலாளர்' ஆகமாட்டார்கள் என்று 1988-ல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து அவர்கள் பாதையே வேறாகத்தான் இருக்கிறது. அவர்களுக்காக நான் வாதாடுவது சரியாக இருக்காது. அவர்களே தனியாகக் கேட்கட்டும். மூன்றாவது கலத்தை எங்களுக்குக் கொடுத்தால் நான்காவது ஒன்றைச் சேர்ப்பது மென்பொருள் நிறுவனத்துக்குப் பெரிய வேலை இல்லை என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

சந்தாவைச் சம்பளத்திலேயே பிடிப்பதற்கு மத்திய அரசு அலுவலகங்களில் 'செக் ஆஃப்' என்று பெயர். அங்கே ஊழியர்களின் சேவைச் சங்கங்களுக்கு அங்கீகாரம் கொடுப்பதற்கான 1993-ஆம் ஆண்டு விதிகளே இதன்மேல்தான் நிற்கின்றன. ஒரு சங்கத்துக்கு அங்கீகாரம் வேண்டுமானால் அந்தப் பிரிவு ஊழியர்களில் 35 சதவீதம் பேர் அதில் இருக்க வேண்டும். அந்த அளவைத் தொடாத இரண்டாவது சங்கத்துக்கும் 15 சதவீதமாவது இருந்தால் இடம் உண்டு. எத்தனை பேர் என்பதைச் சம்பளப் பட்டியலின் சந்தாப் பிடித்தத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். அந்த விதி நமக்குப் பொருந்தாது. ஆனால் ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் நீங்கள் "உங்க பின்னாடி எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேட்பதும், எங்கள் செயலாளர் கொஞ்சம் கூட்டிச் சொல்வதும், நீங்கள் அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதும் வருடக்கணக்காக நடக்கிறது. மூன்றாவது கலம் நிரம்பினால் அந்தக் கேள்விக்கு விடை உங்கள் கணினியிலேயே இருக்கும். கூட்டிச் சொல்ல எங்களாலும் முடியாது. எங்கள் செயலாளருக்கு இந்த வரி பிடிக்காது.

இதுவரை எழுதியது உங்களுக்கு. இனி வருவதில் பாதி எங்கள் ஆட்களுக்கும்தான்.

பொதுக்குழுவில் இந்தக் கோரிக்கை வந்தபோது ஒரு நண்பர் எழுந்து, "எல்லாருக்கும் பிடிச்சிரலாம். வேண்டாங்கறவங்க எழுதிக் குடுக்கட்டும்" என்றார். கைதட்டலும் வாங்கினார். நான் எதிர்த்தேன். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள அரசு, நிவாரணத்துக்காகத் தன் ஊழியர்களிடம் ஒரு மாதச் சம்பளம் கேட்டது. கொடுக்க விரும்பாதவர்கள் அதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவில் ஒரு பிரிவு இருந்தது. 'வேண்டாம்' என்று கையெழுத்துப் போட்டு அதிகாரியிடம் கொடுப்பது எவ்வளவு சங்கடம் என்பது அலுவலகத்தில் வேலை பார்க்கிற எவருக்கும் தெரியும். உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை நிறுத்தி வைத்தது. அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. வெள்ள நிவாரணம் போன்ற ஒரு காரியத்துக்கே அப்படி என்றால், சங்கச் சந்தாவுக்கு என்ன சொல்ல? அதே வருடம் ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் ஜேனஸ் என்கிற இல்லினாய் மாநில ஊழியர் வழக்கில், அரசு ஊழியர் தெளிவாகச் சம்மதம் சொல்லாமல் அவர் சம்பளத்திலிருந்து சங்கத்துக்கு எதையும் பிடிக்கக் கூடாது என்றது. அவர் சங்க உறுப்பினர்கூட இல்லை. மாதம் 44 டாலர் 58 சென்ட் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தீர்ப்பு அங்கே சங்கங்களுக்குப் பெரிய அடி, அதைக் கொண்டாட எனக்கு மனமில்லை. பேரம் பேசி வாங்கிய சம்பள உயர்வு எல்லாருக்கும், செலவு மட்டும் சிலருக்கு என்பது எரிச்சலாகத்தான் இருக்கும், நம் கல்லூரியிலும் அப்படித்தான் இருக்கிறது. இருந்தாலும் சேரவும் கையெழுத்து, விலகவும் கையெழுத்து. இரண்டுக்கும் அதே ஒரு பக்கத் தாள்தான் என்று தீர்மானத்தை மாற்றி எழுத வைத்தேன். ஏழு வாக்கு வித்தியாசம்தான்.

இன்னொரு பயம் எனக்கே உண்டு. அப்பா சேலத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தவர். அங்கே சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துக் கொடுப்பார்கள். ஒரு போனஸ் தகராறில் நிர்வாகம் அந்தப் பிடித்தத்தைத் திடீரென்று நிறுத்தியது. சங்க அறைக்கு வாடகை கொடுக்க முடியவில்லை. மில் கேட்டில் இரண்டு பேர் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் அதில் போட்டார்கள். வழக்கமாக வருவதைவிட அதிகமாகவே விழுந்தது என்று அப்பா சொல்வார். அதோடு, வருடக்கணக்காகச் சங்க ஆட்களிடம் பேசாதவர்கள் எல்லாம் காசைப் போட்டுவிட்டு நின்று திட்டினார்களாம்: என் லீவு விஷயம் என்ன ஆச்சு, கேன்டீன் சாம்பாரை யார் கேட்பது என்று. சந்தா தானாக வந்துகொண்டிருந்த காலத்தில் சங்கத் தலைவர்கள் யாரும் மெஷின் ஓடுகிற இடத்துக்கே வரவில்லை என்பது அப்பாவின் குறை.

அதனால் இரண்டு விஷயம். ஒன்று உங்களிடம்: பிடித்தத்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் அந்தந்த உறுப்பினர் கையில் மட்டும் இருக்க வேண்டும். நாங்கள் கறுப்புப் பட்டை அணிந்த மாதம் கலம் காலியாகிவிடக் கூடாது. ஏற்பாட்டையே நிறுத்துவதென்று நிர்வாகக் குழு முடிவு செய்தால் ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் சொல்லிவிடுங்கள். நாங்கள் துண்டைத் தேடி எடுக்க அவகாசம் வேண்டும் அல்லவா? மற்றொன்று எங்கள் ஆட்களிடம்: பிடித்தம் வந்துவிட்டது என்று பொருளாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிடக் கூடாது. சம்பளம் வந்த வாரம் நான் இப்போது போல எல்லாப் பிரிவுக்கும் போவேன். கையில் ரசீது புத்தகம் இருக்காது, அவ்வளவுதான். எனக்குப் பின் வருகிறவரும் போக வேண்டும் என்று விதியில் சேர்த்திருக்கிறோம்.

உறுப்பினர் பட்டியல் பற்றியும் சொல்லிவிட வேண்டும். யார் சங்கத்தில் இருக்கிறார் என்பது இன்றைக்கு என் அடிக்கட்டையில் மட்டும் இருக்கிறது. நாளைக்கு உங்கள் கணினியில் இருக்கும். தற்காலிகப் பணியில் இருக்கிற பெண்கள் சிலர் இதைக் கேட்டே தயங்குகிறார்கள். "பேரு மேல போகுமாண்ணா?" என்றார் ஒருவர். போகாது என்று என்னால் சத்தியம் பண்ண முடியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். பட்டியல் கணக்குப் பிரிவுக்கும் சங்கப் பொருளாளருக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும். சம்பளச் சீட்டிலும் சங்கத்தின் பெயர் வேண்டாம், 'இதரப் பிடித்தம் 3' என்ற பெயரே போதும். அந்தச் சீட்டு வங்கிக்கும் போகிறது, பெண் பார்க்க வருகிற இடத்துக்கும் போகிறது. தயங்குகிறவர்கள் என்னிடம் ரொக்கமாகவே கொடுக்கலாம், அவர்களுக்காக ஒரு ரசீது புத்தகம் வைத்திருப்பேன்.

நடைமுறை பெரிதாக ஒன்றுமில்லை. மாதம் 20-ஆம் தேதிக்குள் வந்த தாள் அந்த மாதச் சம்பளத்திலேயே நடைமுறைக்கு வரட்டும், அதற்குப் பிந்தியது அடுத்த மாதம். சம்பளம் போட்ட ஏழு நாளுக்குள் தொகை சங்கக் கணக்குக்கு. பி.எஃப்., இ.எஸ்.ஐ., தொழில் வரி, கூட்டுறவுத் தவணை எல்லாம் போன பிறகு கடைசியாகத்தான் சந்தா; மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டுகிற நிலை வந்தால் அந்த மாதம் எங்கள் 50 ரூபாயை விட்டுவிடுங்கள். கணக்குப் பிரிவுக்கு இது கூடுதல் வேலைதான். முதல் மாதம் அரை நாள் ஆகும், அப்புறம் பழைய மாதத்தை நகலெடுத்து மாற்றம் இருப்பதை மட்டும் திருத்தினால் போதும். ஐந்து வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் மாதம் ஒரு சனிக்கிழமை நானே வந்து கூட உட்காரவும் தயார், ஓவர்டைம் கேட்கமாட்டேன்.

சம்மதத் தாளின் மாதிரி ஒன்றை உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். பெயர், பணியாளர் எண், தொகை, எந்த மாதம் முதல், கையெழுத்து. கீழே 'விலகுகிறேன்' என்பதற்கும் அதே அளவு இடம். வார்த்தை எதையாவது மாற்ற வேண்டுமென்றால் பென்சிலில் குறித்து அனுப்புங்கள். எழுத்தில் பதில் வந்தால், சரி என்றாலும் இல்லை என்றாலும், அப்படியே அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன். க்யூ.ஆர். கோடு ஒட்டிய இடம் இன்னும் இருக்கிறது.

இப்படிக்கு,
பொருளாளர், அலுவலர் சங்கம்
(தேர்வுப் பிரிவு, முதல் மாடி, பிற்பகல் மூன்றுக்கு மேல் எப்போதும் இருப்பேன், சம்பள வாரம் தவிர)